யாருடைய உதவியுமின்றி

பார்வையற்ற ஒருவர் பட்டம் வாங்கினாலோ, தனியாகக் கோலாலம்பூர் போய்வந்தாலோ நம் நாளிதழ்களில் செய்தி வரும். அந்தச் செய்தியில் ஒரு சொற்றொடர் தவறாமல் இருக்கும்: 'யாருடைய உதவியுமின்றி'. பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் இன்று காலை எழுந்ததிலிருந்து இதை எழுத உட்கார்ந்தது வரை நான் யாருடைய உதவியுமின்றிச் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது. கடையில் ரொட்டி சானாய் போட்டுக் கொடுத்தார்கள். தெரண்டாக் முகாம் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகும் சுங்கை ஊடாங் சாலையை யாரோ தார் போட்டுச் சரி பண்ணியிருந்தார்கள். அந்தச் சாலையில் நான் வேலைக்குப் போனதை எந்தப் பத்திரிகையும் சாதனை என்று எழுதப் போவதில்லை. எனக்குக் கிடைப்பதற்கு வசதி என்று பெயர், அவருக்குக் கிடைத்தால் அது உதவி ஆகிவிடுகிறது.

இதை யோசிக்க வைத்தது என் பெரியம்மா. பால்மரம் வெட்டிய தலைமுறை. இனிப்புநீரால் பார்வை போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு மாறி வந்து, வீட்டின் மூலைமுடுக்கு மனப்பாடம் ஆவதற்குள் கண் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் டாக்பேக் போட்டுக் கொடுத்தோம். விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதென்று அது சொல்லும், இரண்டு தடவை தட்டினால் திறக்கும். முதல் மாதம் கைப்பேசியைத் திட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வீட்டிலிருப்பவர்களைத் திட்ட ஆரம்பித்தார். காரணம் உண்டு.

அதற்கு முன்பெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்தோ வங்கியிலிருந்தோ கடிதம் வந்தால் யாராவது படித்துச் சொல்வோம். 'படித்துச் சொல்வது' என்றால் என்ன என்று நம் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நல்லதைச் சத்தமாகச் சொல்வோம், கெட்டதை மென்று விழுங்குவோம். 'சிறுநீரகம் கொஞ்சம் பாக்கணுமாம்' என்று ஒரு வரி. உண்மையில் கடிதத்தில் எட்டு வரி இருக்கும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் கைப்பேசிக்கு அன்பு கிடையாது. கடிதத்தின் மேல் கேமராவைக் காட்டியதும் எட்டு வரியையும் மலாயில் ஒரே குரலில் படித்துவிட்டது. பெரியம்மா கேட்டது இதைத்தான்: "இத்தன வருஷமா எனக்குக் கண்ணுதான் இல்லன்னு நெனச்சேன்டா. நீங்க எனக்குக் காதும் இல்லாம பண்ணி வச்சிருந்தீங்க."

தொழில்நுட்பம் பார்வையற்றவர்களுக்குச் சுதந்திரம் தருகிறது என்னும்போது நடை, பயணம், வேலை என்றுதான் நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. தன்னைப் பற்றிய செய்தி இன்னொருவர் வாய்வழியாக, அவர் வடிகட்டியது போக மீதியாக வந்து சேராமல், முழுதாக வந்து சேர்வது. கெட்ட செய்தியை முதலில் கேட்டு, அதை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று தானே முடிவு செய்வது. கண் உள்ளவர்கள் இதை ஓர் உரிமையாகக்கூட எண்ணுவதில்லை, காற்றுபோல இருப்பதால்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போய், மூச்சுவிட இயந்திரத்தை நம்பியிருந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போராடிப் படித்தார். 1972இல் அங்கே தொடங்கிய சுதந்திர வாழ்வு மையத்தின் முன்னோடிகளில் ஒருவர். தானே சட்டை போட முடியாத ஒருவர் 'சுதந்திர வாழ்வு' என்ற சொல்லைக் கையில் எடுத்தது முதலில் எனக்கு முரணாகத் தெரிந்தது. அந்த இயக்கம் சொன்னது எளிமையானது: சட்டையை யார் போட்டுவிடுகிறார்கள் என்பது பிரச்சினையில்லை, எந்தச் சட்டை என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. தத்துவவாதி அலஸ்டேர் மாக்கின்டயர் 1999இல் எழுதிய நூலொன்றில் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறார். மனிதன் குழந்தையாக, நோயாளியாக, கிழவனாகப் பிறரை நம்பியே வாழ்கிறான். மேற்கத்திய அறவியலோ பெரும்பாலும் திடகாத்திரமான ஆளை மட்டும் மனிதனாக எண்ணி எழுதப்பட்டது என்கிறார். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. அங்கே அரிசி தீர்ந்தாலும் பிரசவ வலி வந்தாலும் பக்கத்துக் கதவைத்தான் தட்டினார்கள்.

ஆனால் தட்டியவர்கள் அதற்குத் தந்த விலை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உதவி வாங்குகிறவர் எப்போதும் நல்லவராக இருக்க வேண்டும். கோபப்படக் கூடாது, இரண்டாம் முறை கேட்கக் கூடாது. 'அந்தக் கடிதத்தை இன்னொரு தடவ படி' என்று பெரியம்மா யாரிடமும் கேட்டதில்லை. கைப்பேசியிடம் ஒரே கடிதத்தை ஆறு தடவை படிக்கச் சொல்கிறார். அதற்கு நன்றிக்கடன் கிடையாது. இயந்திரம் தரும் மிகப் பெரிய விடுதலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றியில்லாமல் இருக்கும் விடுதலை. கேட்க அழகாக இல்லைதான்.

ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்ற டென்மார்க்காரர், பார்வைக் குறைபாடு உள்ளவர், 2015இல் 'பீ மை ஐஸ்' செயலியைக் கொண்டுவந்தார். பார்வையற்றவர் அழைத்தால் உலகில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் வீடியோவில் பார்த்து, பால் டப்பாவின் தேதியைப் படித்துச் சொல்வார். நானும் பதிந்து வைத்திருக்கிறேன். கைப்பேசி மணி எப்போதாவதுதான் அடிக்கும், ஏனென்றால் அதில் தன்னார்வலர்கள் பார்வையற்ற பயனர்களைவிடப் பல மடங்கு அதிகம். உதவ ஆசைப்படுகிறவர்கள் உதவி தேவைப்படுகிறவர்களைவிட அதிகமாக இருக்கும் இடம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 2023இல் அதே செயலியில் செயற்கை நுண்ணறிவு வந்தது. படம் எடுத்தால் இயந்திரமே விவரித்துவிடும். அந்நியரின் முகத்துக்கு முன்னால் அலங்கோலமான சமையலறையைக் காட்டத் தேவையில்லை.

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது. படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், வேலை மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். கேமரா வைத்துச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த இயந்திரங்களுக்கு எதுவும் 'தெரியாது'. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் போடும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நல்லது, கீழ் கெட்டது என்ற கோட்டை நாங்கள் போடுகிறோம். கோட்டை ஏற்றினால் நல்ல சில்லுகள் குப்பைக்குப் போகும், இறக்கினால் கெட்டவை வாடிக்கையாளருக்குப் போகும். தவறே செய்யாத கோடு கிடையாது. எந்தத் தவற்றை, யார் செலவில் பொறுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. தொழிற்சாலையில் அதை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறோம்.

பெரியம்மாவின் மாத்திரை அட்டையைப் படிக்கும் செயலியில் அந்தக் கோட்டைப் போட்டது யார்? மங்கிய எழுத்தை '5' என்றோ '50' என்றோ அது சொல்லும்போது எவ்வளவு உறுதியோடு சொல்கிறது? மனிதர்கள் திணறும்போது குரலில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண் 'இருங்க பாட்டி, லைட்டு போட்டுப் பாக்கறேன்' என்பாள். இயந்திரம் தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே தொனியில் சொல்கிறது. மழுப்பாமல் படித்ததற்காகப் பெரியம்மா நம்பிய அதே குரல். அன்பினால் மறைத்தவர்களையாவது கண்டுபிடித்துத் திட்டலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது? பயன்படுத்துகிறவர்கள் உட்காராத மேசையில் கோடு போடப்படும்வரை இதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. பாரிஸில் வாலன்டின் ஆயூய் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியபோது, சாதாரண எழுத்துகளையே தாளில் மேடாக்கி விரலால் தடவிப் படிக்க வைத்தார். கண் தெரிந்த ஆசிரியர்களுக்கு அது வசதி, விரலுக்கு மகா சிரமம். அதே பள்ளியில் படித்த லூயி பிரெய்ல் தன் புள்ளி முறையை 1829இல் வெளியிட்டார். மாணவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள், நிர்வாகம் ஏற்கவில்லை. அவர் இறந்தது 1852இல். பள்ளி அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். கண் தெரிந்தவர்களுக்குப் புரியாத எழுத்து என்பதுதான் அதன் மேல் இருந்த பெரிய மனக்குறை. அவர்களுக்கு உதவ வேண்டும், ஆனால் நமக்குப் புரிகிற மாதிரிதான் உதவுவோம்.

நம் நாட்டில் இந்தக் கதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆரம்பித்தது என்பது பலருக்குத் தெரியாது. பினாங்கில் இருக்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1926இல் தொடங்கியது மலாக்காவில்தான், பிறகே பினாங்குக்குப் போனது. 1951இல் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அதைச் சுற்றி நடைபாதைகளில் கோடும் புள்ளியுமாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைத்தடி அதைத் தொட்டுக்கொண்டே போகும். மெர்லோ-போன்டி இந்தக் கைத்தடியைப் பற்றி அழகாகச் சொல்லியிருக்கிறார். பழகிய பிறகு அது கையிலிருக்கும் பொருளாக இருப்பதில்லை, தொடு உணர்வே தடியின் நுனிக்குப் போய்விடுகிறது. உண்மைதான். ஆனால் நுனி தொடுவதற்கு ஒரு தரை வேண்டுமே. சுங்கை ஊடாங்கில் கடைவரிசை முன்னால் நடைபாதை திடீரென்று முடியும், அடுத்த அடியில் மூடியில்லாத லோங்காங். கைப்பேசி வரைபடம் 'வலப்பக்கம் திரும்புங்கள்' என்று சரியாகத்தான் சொல்லும். லோங்காங்குக்கு மூடி போட எந்தச் செயலியாலும் முடியாது.

தொழில்நுட்பம் வந்ததும் ஊர் தன் கடமையிலிருந்து மெல்லக் கழன்றுகொள்கிறது. ஒரு கிளினிக்கில் பெரியம்மாவோடு போயிருந்தேன். எண் திரையில் மட்டும் வருகிறது, கூப்பிடுவதில்லை. கேட்டால், 'செயலியில பாத்துக்கலாமே' என்று பதில். காசு எடுக்கும் இயந்திரத்தில் பொத்தான்கள் இருந்தன. '5' மேல் ஒரு சிறு மேடு இருக்கும், அதை வைத்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது கடைகளில் வரும் சில கார்டு இயந்திரங்கள் முழுக்கக் கண்ணாடி. தன் இரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் பணம் கட்ட முடியும். பழைய ரிங்கிட் நோட்டே மேல், நீளத்தை வைத்துத் தடவிப் பார்த்து எண்ணிவிடலாம்.

இனி நம்மைப் பற்றி, அதாவது தமிழில் எழுதுகிற, படிக்கிற நம்மைப் பற்றி. பெரியம்மாவின் கைப்பேசி மலாயைச் சரளமாகப் படிக்கிறது. தமிழ்க் குரலும் இருக்கிறது, கொஞ்சம் செய்தி வாசிப்பவர் மாதிரி. ஆனால் தமிழில் படிக்கத்தான் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கவிதைகளை நாம் பூப்போட்ட படமாகப் போடுகிறோம், படத்துக்குள் இருப்பது எழுத்து என்று திரைவாசிப்பானுக்குத் தெரியாது. பழைய இதழ்கள் ஒளிவருடிய பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன. எழுத்துணரி போட்டால் 'ர'வும் காலும் ஒன்றோடொன்று குழம்பி வரும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளின் கதை இன்னும் வேடிக்கை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லைக் கைப்பேசி 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று படிக்கும். 1985இலேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. யுனிகோடு வந்தும் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றும் அச்சகத்துக்குப் போகும் நூல்களில் பழைய எழுத்துருக்களைக் காண்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறோம். அதை ஆங்கிலக் குரல் படித்தால் ஒன்றும் புரியாது, மலாய்க் குரலில் விட்டால் பாதி புரியும் என்பது பெரியம்மாவின் கண்டுபிடிப்பு. பொறியாளனான எனக்கு அது தோன்றவில்லை.

இதற்கெல்லாம் பணம் பெரிய தடையில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், அதில் தமிழும் பேசும். சட்டமும் தடையில்லை. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றப் பதிப்புரிமை விலக்குத் தரும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது, மலேசியா 2022இல் அதில் சேர்ந்துவிட்டது. வேண்டியது பதிப்பாளரிடம் உள்ள மூலக்கோப்பும், அதை மாற்ற ஓர் ஆளின் சில மாலைகளும்தான்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றிய மலேசிய நாவல் ஒன்றைப் பெரியம்மா கேட்க ஆசைப்பட்டார். அவர் வாழ்ந்ததைத்தான் அதில் எழுதியிருக்கிறார்களாம். மின்னூல் இல்லை, கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், இதுவரை நாற்பத்தோரு பக்கம். போன வாரம் முதல் அத்தியாயத்தைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, கங்காணி பேசுகிற இடம் சரியாக வரவில்லை என்றார். அந்த இடத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்க வைத்தார். "அவளுக்கும் நல்லா வரல. ஆனா அவகிட்ட எப்டிப் பேசணும்னு சொல்லிக் குடுக்கலாம். இதுகிட்ட என்னாத்த சொல்றது?"