எந்த மக்கள்?

'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்.'

கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் இதில் குழப்பம் கிடையாது. முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. அதாவது, 'இப்பத்தானே சொன்னேன், அவரேதான்'. நாம் இதோடு நிறுத்திக்கொண்டோம். ஜெர்மானியர்கள் நிறுத்தவில்லை.

இன்றைய ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டேர், டீ, டாஸ் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் காவலுக்கு நிற்கும். ஆங்கில 'தி'க்கு உறவுக்காரர்கள். ஆதியில் இவை வெறும் சுட்டுச்சொற்கள். விரலை நீட்டி, 'அந்த ஆள்', 'அந்தக் குதிரை' என்பதற்கு மட்டும்தான்.

நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகக் கோத்த தத்தியானின் நூலை, 830 வாக்கில் ஃபுல்டா மடத்தில் ஜெர்மனில் பெயர்த்தார்கள். அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் சுவிட்சர்லாந்தில், சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் இருக்கிறது. ஒரு பத்தியில் லத்தீன், பக்கத்துப் பத்தியில் ஜெர்மன். மூலத்தை அப்படியே ஒட்டிப் போகிற மொழிபெயர்ப்பு. ஆனாலும் லத்தீனில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஜெர்மனில் 'தெர்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. லத்தீனில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. அப்படியானால் அது ஏட்டிலிருந்து வரவில்லை, ஜனங்களின் வாயிலிருந்து வந்தது.

ஆரம்பத்தில் சூரியன், வானம் போன்றவற்றுக்கு இது பெரும்பாலும் தேவைப்படவில்லை. உலகத்துக்கே ஒன்றுதானே, எதற்குச் சுட்டவேண்டும்? 1022-ல் இறந்த சாங்க்ட் காலன் துறவி நோட்கரின் எழுத்தில் அவற்றுக்கும் வந்துவிடுகிறது. விரல் கீழே இறங்கிவிட்டது. மிச்சம் நின்றது ஒரே அர்த்தம்: 'எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.'

இங்கேதான் விஷயம் இலக்கணத்தைவிட்டு வெளியே வருகிறது. விரல் நீட்டிச் சொன்னால் நீங்கள் திரும்பிப் பார்க்கலாம். 'அது குதிரை இல்லையேப்பா, கழுதை' என்று மறுக்கலாம். 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று ஒருவர் ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? தெரியாது என்று சொல்லக் கூச்சம். தலையாட்டிவிடுவோம். குதிரை விஷயத்தில் பரவாயில்லை. 'மக்கள்' விஷயத்தில்?

கிழக்கு ஜெர்மனியில் போலீசுக்குப் பெயர் மக்கள் போலீஸ். பாராளுமன்றத்துக்குப் பெயர் மக்கள் சபை. 1989 அக்டோபர் 9-ம் தேதி லைப்ஸிக் நகரத்தில் சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தின் கோஷம், 'வியர் ஸிண்ட் டாஸ் ஃபோல்க்'. நாங்கள்தான் மக்கள். 'மக்கள் மக்கள் என்கிறீர்களே, அது யார் தெரியுமா?' என்று தங்கள் நெஞ்சையே தொட்டுக் காட்டினார்கள். பழைய விரல் திரும்பி வந்துவிட்டது! சில வாரங்களில் 'டாஸ்' போய் 'ஐன்' வந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே மக்கள். 1990 அக்டோபர் 3-ல் நாடு ஒன்றானது.

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷம். 2014-ல் டிரெஸ்டன் நகரத்தில், முஸ்லிம்கள் குடியேறுவதை எதிர்த்த பெகிடா இயக்கம் ஊர்வலம் போனது. கோஷம்? அதே 'வியர் ஸிண்ட் டாஸ் ஃபோல்க்'. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அர்த்தம் மட்டும், 'நாங்கள்தான் மக்கள், நீங்கள் இல்லை.'

முதல் கூட்டம் அதிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது, அடைக்கலம் தேடி வந்தவனையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. சொல் ஒன்றுதான். யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும்.

தமிழில் டேர், டாஸ் இல்லை, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்கிறோமே, எந்த நாலு பேர்? 'மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்' என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். 'எந்த மக்கள்? கொஞ்சம் கையை நீட்டிக் காட்டுங்களேன்' என்று மரியாதையாகவே கேளுங்கள்.