கிண்ணத்தில் ஒரு வேதாந்த வினா

இராமாநுசர் 1017-இல் பிறந்ததாக மரபு கூறும் ஸ்ரீபெரும்புதூருக்கும், 2010-இல் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்ட ஒரகடத்துக்கும் அருகிலுள்ள மணிமங்கலத்துச் சைவ உணவினர் ஒருவர், அவ்வட்டாரத்துச் சீன, ஜப்பானிய உணவகமொன்றில் அமரும்போது, பழைய வேதாந்த வினா ஒன்று உயிர்பெறுகிறது: தூய்மை உணவில் உள்ளதா, உண்பவரிடம் உள்ளதா?

உணவு தூயதானால் உள்ளம் தூயதாகும் என்னும் கருத்து சாந்தோக்கிய உபநிடதத்தின் 7-ஆம் இயலில் வருகிறது. அங்குள்ள ‘ஆகாரம்’ என்பதற்குப் புலன்வழி உட்கொள்ளப்படுவன என்று பொருள்கொண்ட சங்கரர், விருப்பு, வெறுப்பு, மயக்கம் நீங்கிய அறிவையே அதன் தூய்மை என்றார். இராமாநுசரோ ஸ்ரீபாஷ்யத்தில் அதை உண்ணும் உணவாகவே கொண்டு, சாதி (பொருளின் இயல்பு), ஆசிரயம் (அது யாருடையது என்பது), நிமித்தம் (மயிர் முதலியன விழுதல்) ஆகிய மூன்றால் வரும் குற்றங்களை விலக்கச் சொன்னார். இவற்றுள் ஆசிரயக் குற்றம், பிற்காலத்தில் சமைப்பவரின் குலத்தை வினவும் கருவியாகச் சுருங்கியது வருந்தத்தக்கது.

மிசோ சூப்பையே எடுத்துக்கொள்ளலாம். புளிக்கவைத்த சோயா விழுதாகிய மிசோ சைவமே. ஆயினும் அதைக் கரைக்கும் ‘தாஷி’ எனப்படும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் வடிக்கப்படுவதால், மீன் துண்டு ஒன்றும் கண்ணில் படாமலே சாதிக் குற்றம் கிண்ணத்துக்குள் வந்துவிடுகிறது. ஜென் மடங்களின் சமையற்கூடத்தில் அதே சாறு கொம்பு என்னும் கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கப்படுகிறது.