கருவியும் கருத்தாவும்

'இந்தப் பொருள் என்னை ஏமாற்றிவிட்டது' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கடிகாரம் ஏமாற்றியது, வண்டி ஏமாற்றியது, இப்போது கணினியும் ஏமாற்றுகிறது. ஏமாற்றுவதற்கு ஓர் எண்ணம் வேண்டும். எண்ணமே இல்லாத ஒரு பொருள் நம்மை எப்படி ஏமாற்ற முடியும்? அப்படியானால் அந்த ஏமாற்றத்திற்குப் பொறுப்பாளி யார்? அதைச் செய்தவரா, விற்றவரா, வாங்கியவரா? சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கூடத்தில் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

மூன்று பெட்டிக் காகிதங்கள்

என் தந்தையார் நாகபுரியில் ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2018ஆம் ஆண்டு அவர் காலமானபோது மூன்று இரும்புப் பெட்டிகள் நிறையக் காகிதங்களை விட்டுச் சென்றார். சம்பளச் சீட்டுகள், மின்கட்டண ரசீதுகள், வீடு கட்டிய கணக்கு, ஊரிலிருந்து உறவினர் எழுதிய நீல நிற இன்லண்ட் கடிதங்கள், மருந்துக் கடைச் சீட்டுகள் என எதையும் அவர் எறிந்ததில்லை. காகிதத்தை வீணாக்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் அச்சிட்ட தாளின் மறுபக்கம் அவருக்குக் குறிப்பேடு. பென்சிலால், பொடி எழுத்தில், அதில் ஏதாவது குறித்து வைப்பார்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திற்காக ஒரு சான்றைத் தேடி இரண்டு நாட்கள் அந்தப் பெட்டிகளைக் கவிழ்த்தேன். சான்று கிடைத்துவிட்டது; ஆனால் பொறுமை போய்விட்டது. 2019இல் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். தாள்களைக் கட்டாக வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து, இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் படமெடுக்கும் கருவி அது. அதனோடு ஒரு மென்பொருளும் வந்தது. அது படத்திலுள்ள எழுத்தைப் படித்து, எது ரசீது, எது கடிதம் என்று தானே பிரித்து அடுக்கிவிடும் என்று விளம்பரம் கூறியது. குவியலை உள்ளே கொடுத்தால் ஒழுங்கு வெளியே வரும் என்று நான் புரிந்துகொண்டேன். சொல்லப்போனால், அப்படிப் புரிந்துகொள்ள விரும்பினேன்.

மூன்று வார மாலைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அதனுள் சென்று வந்தன. ஒரு தாளையும் நான் படிக்கவில்லை. படிக்க வேண்டாம் என்பதற்காகத்தானே கருவி வாங்கினேன்! "எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். பிறகு ஒரு சிறிய கட்டை மட்டும் எடுத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தம் அலமாரியில் வைத்துக்கொண்டார். எஞ்சியவற்றைப் பழைய காகிதம் வாங்குபவர் எடை போட்டு எடுத்துச் சென்றார். வீட்டில் இடம் பிறந்தது. மனத்திலும் ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

ஒழுங்கின் தோற்றம்

ஏமாற்றம் சிறுகச் சிறுக வந்தது. அந்த மென்பொருளுக்கு ஆங்கிலம் மட்டுமே படிக்கத் தெரியும். தமிழ்க் கடிதங்களும் மராத்தி ரசீதுகளும் அதற்கு வெறும் கோடுகள். அவற்றுக்கு அது எண்களையே பெயராகச் சூட்டியிருந்தது. 1971இல் எழுதப்பட்ட கடிதம் 2019ஆம் ஆண்டின் அடுக்கில் கிடந்தது. எழுதிய நாளை அறியாத மென்பொருள், படமெடுத்த நாளைக் குறித்துக்கொண்டது. மின்கட்டண ரசீதுகள் சில மருத்துவச் செலவுகளோடு சேர்ந்திருந்தன. கணினியை மாற்றியபோது அந்த மென்பொருள் புதியதில் இயங்க மறுத்தது. படங்கள் அனைத்தும் அதன் பூட்டிய களஞ்சியத்துக்குள் இருந்ததால், பழைய கணினியை மீண்டும் உயிர்ப்பித்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாத ஒன்று பின்னர் வந்தது.

திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மா தம் கட்டையும் ஒரு நாள் என்னிடம் கொடுத்தார். நாற்பது தாள்கள் இருக்கும். இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்தது. திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். 1979ஆம் ஆண்டு மருத்துவமனை ரசீது ஒன்று வந்தபோது அம்மா கேட்டார்: "பின்பக்கம் எங்கே?"

"பின்பக்கத்தில் ஒன்றுமில்லை அம்மா. இருந்தால் அதுவே எடுத்திருக்கும்."

அம்மா பதில் பேசாமல் கட்டிலிருந்து அந்தத் தாளை உருவித் திருப்பிக் காட்டினார். மங்கிய பென்சிலில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காகப் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்திடம் கைமாற்றாக வாங்கியது 600 ரூபாய், தை மாதம் கொடுத்தது 350, மீதி 250.

மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். 'வெற்றுப் பக்கங்களை நீக்குக' என்ற கட்டளை, நான் வாங்கிய நாளிலிருந்தே அதில் இடப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் கருமை குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால், அந்தப் பக்கம் வெறுமையானது என்று கருவி முடிவு செய்துவிடும். நாற்பது ஆண்டுகளில் மங்கிய பென்சில் எழுத்து அந்த அளவைத் தொடவில்லை. அம்மாவின் நாற்பது தாள்களில் பதினொன்றின் பின்பக்கங்கள் இவ்வாறு மறைந்திருந்தன. அப்படியானால் எடைக்குப் போன நாலாயிரத்தில் எத்தனை? மீதி 250 ரூபாய் திருப்பித் தரப்பட்டதா என்பது வேறொரு தாளின் பின்பக்கத்தில் இருந்திருக்கும். அந்தத் தாள் இன்று இல்லை. தந்தையின் கடன் தீர்ந்ததா, இல்லையா என்று ஒரு மகன் அறிய முடியாமற் போயிற்று.

யாரால்?

அன்றிரவு கருவியின் மீது கோபம் கோபமாக வந்தது. 'இந்த ஸ்கேனரால் எல்லாம் போயிற்று' என்று சொல்லிக்கொண்டேன். அப்போது பள்ளியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபு கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும். 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. மொழி இரண்டுக்கும் ஒரே உருபைத் தந்திருக்கிறது. 'ஸ்கேனரால் போயிற்று', 'என்னால் போயிற்று' என்னும் இரு தொடர்களும் காதுக்கு ஒரே ஓசை. பொருளைப் பிரித்தறிவது நம் பொறுப்பு.

இலக்கணம் அதோடு நிற்கவில்லை. கருத்தாவையும் இரண்டாகப் பிரிக்கிறது. சிற்பியால் செதுக்கப்பட்ட சிலை என்றால் சிற்பி இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால், அவன் ஒரு கல்லையும் தூக்கவில்லையாயினும், ஏவுதற் கருத்தா. கோயிலின் புகழ் ஏவிய அரசனைச் சேருமாயின், பிழையின் பொறுப்பும் ஏவியவனைத்தானே சேர வேண்டும்? நாலாயிரம் தாள்களும் ஒழுங்காகியிருந்தால், 'நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டேன்' என்று பெருமை பேசியிருப்பேன். நன்மைக்கு நான் கருத்தா, தீமைக்குக் கருவி கருத்தா என்பது எந்த நீதியிலும் அடங்காது.

இதனால் செய்தவரும் விற்றவரும் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார்கள். மங்கிய எழுத்து தொலையக்கூடும் என்பதை வாங்குபவர் கண்ணில் படும்படி சொல்லியிருக்க வேண்டும். தமிழும் மராத்தியும் படிக்கத் தெரியாது என்பதை, நாகபுரியில் விற்கும்போதாவது, சொல்லியிருக்க வேண்டும். பாதி உண்மையைச் சொல்லி மீதியை வாங்குபவரின் ஆசைக்கு விட்டுவிடுவது வாணிக நேர்மை ஆகாது. அந்தக் குற்றம் அவர்களுடையது. ஆனால் மூலத் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் எடைக்குப் போட்டது அவர்கள் அல்லர், நான்.

தெளிவாகத் தெரியும் பொய்

இத்தகைய பிழை என் வீட்டோடு நின்றதன்று. 2013ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பெரிய இயந்திரமொன்றில் எடுத்த கட்டட வரைபடத்தின் படியை ஆராய்ந்தார். மூல வரைபடத்தில் ஓர் அறையின் பரப்பு 21.11 சதுர மீட்டர். படியிலோ அது 14.13 என்று இருந்தது. அருகிலிருந்த அறைகளுக்கும் அதே எண். சில தாள்களில் 6 என்ற எண் 8 ஆகியிருந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் சிறு பகுதிகளில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும் முறையால் நேர்ந்த விபரீதம் அது. பின்னர் அந்நிறுவனம் திருத்த மென்பொருளை வெளியிட்டது.

இதில் நாம் அஞ்ச வேண்டியது என்ன? மாறிய எண் மங்கலாக இருக்கவில்லை. மிகத் தெளிவாக இருந்தது. மங்கலான படி, 'என்னை நம்பாதே, மூலத்தைப் பார்' என்று எச்சரிக்கும். தெளிவான பொய்யோ எந்த ஐயத்தையும் எழுப்பாது.

நம் மனமும் இவ்விரு பிழைகளையும் அன்றாடம் செய்கிறது. உரத்துப் பேசாதவரிடம் ஒன்றுமில்லை என்று முடிவு செய்கிறோம். ஒருவரைப் பார்த்ததும், முன்பு கண்ட வேறொருவரின் சாயலை அவர்மீது ஒட்டிவிட்டு, 'இவரும் அப்படித்தான்' என்கிறோம். வெறுமை என்று நாம் தள்ளிய எத்தனையோ பக்கங்களில் மெல்லிய எழுத்து இருந்திருக்கலாம். அதைக் காண வெளிச்சத்தில் தாளைத் திருப்பிப் பிடிக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் பெரியோர் விவேகம் என்று பெயரிட்டனர். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறியும் அந்தத் தொழிலை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஓலைச்சுவடிக் காலத்திலும் படியெடுத்தல் இருந்தது. பழுதுபட்ட ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். எழுதியவரும் பிழை செய்ததுண்டு. ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு மனிதரின் கண் வழியாகச் சென்றது. கவனமின்றிப் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் எவ்வளவு வேதனையோடு எழுதியிருக்கிறார்! அதைப் படித்தபோது அந்த மனிதர்களை நான் மனத்துக்குள் கடிந்துகொண்டவன். என் வீட்டு வாசலில் எடைக்கல்லோடு நின்றது அதே ஆறுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தீராத கணக்கு

பக்கத்து வீட்டுக் காகூவுக்கு இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டது. மகனோடு வேறு பகுதியில் வசிக்கிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். விவரத்தைச் சொல்லி, ஒரு தொகையை அவர் முன் வைத்தேன். காகூ தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பிறகு மராத்தியில் சொன்னார்: "எனக்கு நினைவில்லை. ஆனால் வாங்கியதை இப்படி எழுதி வைத்தவர் கொடுக்காமல் இருந்திருப்பாரா? அவர் கொடுத்த பணத்தை உன்னிடம் மறுபடியும் வாங்கினால் அப்புறம் நான் அல்லவா கடன்காரி!"

பணத்தை அவர் தொடவில்லை. என் தந்தை கடனைத் தீர்த்தாரா என்பதற்கு இன்றும் என்னிடம் சான்று இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சான்று கிடைத்தது. அது எந்தப் பெட்டியிலும் இல்லை. அவரோடு வாழ்ந்த ஒரு மூதாட்டியின் மனத்தில் இருந்தது.

இது எனக்கு ஆறுதல்தான். ஆனால் விடுதலை அன்று. காகூவின் பெருந்தன்மை என் அலட்சியத்தை நேர் செய்துவிடாது. நடந்துவிட்ட தவற்றுக்கு உண்டான ஒரே பரிகாரம், எஞ்சியதை உரிய கவனத்தோடு காப்பதே.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அம்மாவும் நானும் அந்த நாற்பது தாள்களோடு உட்காருகிறோம். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படிக்கிறோம். யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். அதன்பின் படமெடுத்து, தமிழிலேயே பெயரிட்டு, எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்பாக வைக்கிறேன். படத்தைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தாள் மீண்டும் வேட்டித் துணிக்குள் போய்விடுகிறது. மூன்று வாரங்களில் நாலாயிரம் தாள்களை முடித்த நான், இந்த நாற்பதுக்குப் பல மாதங்களாக உட்கார்ந்திருக்கிறேன்.

படமெடுப்பது அதே ஸ்கேனர்தான். அதனிடம் இப்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறது. சொல்லும் வேலையை நான் செய்கிறேன்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறக்கும் நாள் வரும்போது, எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், அருகில் இருக்கும் மூத்தவரை அழைத்து உட்கார வைப்போம். ஒவ்வொரு தாளையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.