சும்மா அனுப்பினேன்

இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். இன்றிரவு பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கின்றனவாம். செல்போனை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டுமாம். சாட்சிக்கு நாசா, பி.பி.சி. என்று பெரிய பெயர்கள். தேதி மட்டும் இருக்காது. அதனாலேயே இதற்கு வயதாவதில்லை. எந்த வருஷம் வந்தாலும் 'இன்றிரவு'தான்.

உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் ஒரு மியூவானாவது அதைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது உண்டாகும் துகள் அது. பகல், இரவு, ராகு காலம் எதுவும் அதற்குக் கிடையாது. ஆதாம் காலத்திலிருந்து பெய்துகொண்டிருக்கிறது. செல்போனை அணைத்தால் நிற்காது.

அனுப்பிய நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "உண்மையா இருந்தா நாலு பேருக்கு நல்லது. இல்லேன்னா என்ன நஷ்டம் சார்? சும்மாதானே அனுப்பினேன்" என்பார். நல்லவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் யோசிப்பது இந்த 'சும்மா'வைப் பற்றித்தான். சரிபார்க்காமல் ஒன்றை நம்புவது வெறும் அறியாமையா, அல்லது தப்பா?

தப்பு என்று அடித்துச் சொன்னவர் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை. 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன வழியில், சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். 1877-ல் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி எழுதிய கட்டுரையிலும் ஒரு கப்பலைத்தான் உதாரணம் காட்டினார். பழைய கப்பல். பழுது பார்க்க வேண்டும் என்று முதலாளிக்கு உறுத்தல். ஆனால் செலவாகும். 'எத்தனை புயலைப் பார்த்த கப்பல், கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். கடைசியில் மனப்பூர்வமாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. முதலாளி இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிக்கொள்கிறார்.

இவர் குற்றவாளி என்று நாம் எல்லோரும் சொல்வோம். கிளிஃபோர்ட் ஒரு படி மேலே போகிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான். அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. விளைவு நல்லதாக அமைந்தது அதிர்ஷ்டம், அவ்வளவே.

இது ரொம்பக் கறார் என்று வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் பதில் சொன்னார். ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு சிநேகிதன்கூடக் கிடைக்க மாட்டான், சில விஷயங்களில் முதலில் நம்பித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் காஸ்மிக் கதிர் சிநேகிதம் அல்லவே! அதைச் சரிபார்க்க முடியும்.

'என்ன நஷ்டம்' என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வடதமிழகத்தில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கும்பல் கூடி அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் யாரும் கொலைகாரர் இல்லை. எல்லோரும் ஜாக்கிரதைக்காகச் சும்மாதான் அனுப்பினார்கள். அந்த ஜூலையிலேயே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாமல் வைத்தது. மனசாட்சியின் வேலையை சாஃப்ட்வேர் செய்ய வேண்டியதாயிற்று.

சந்தேகப்படுவது எப்படி என்று விண்வெளி ஆராய்ச்சியாளர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 2001-ல் அதில் பதிவான ஒரு துடிப்பை, 2007-ல் லாரிமர் குழுவினர் பழைய பதிவுகளிலிருந்து கண்டுபிடித்து அறிவித்தார்கள். சில மில்லி செகண்டுதான். நமது பால்வீதிக்கு வெகு அப்பாலிருந்து வந்தது என்றார்கள். உலகமே பரபரப்பானது.

2011-ல் சிக்கல். அதே டெலஸ்கோப்பின் பதிவுகளில், 1998 முதலே, ஏறக்குறைய அதே ஜாடையில் வேறு துடிப்புகள் இருந்தன. ஆனால் இவை வேலை நேரத்தில் மட்டும் வந்தன. வானத்துக்கு ஏது ஆபீஸ் டைம்? ரிசீவரின் 13 'கண்'களிலும் ஒரே சமயத்தில் பதிவாகியிருந்தன. தொலைவிலிருந்து வருவது ஒன்றிரண்டு கண்ணில்தான் விழ வேண்டும். ஆக, இது உள்ளூர்ச் சரக்கு.

யாரும் மூடி மறைக்கவில்லை. 2015-ல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் குழுவினரும் மர்மத்தை உடைத்தார்கள். ஆய்வுக்கூடத்தின் மைக்ரோவேவ் அடுப்பு! அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'டிங்' வருவதற்குள் பொறுமையில்லாமல் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். குவளையில் தண்ணீர் வைத்து, தாங்களே கதவைத் திறந்து திறந்து பார்த்து நிரூபித்தார்கள். அதைக் கட்டுரையாக உலகத்துக்கே வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் நம்மில் சிலர் 'பார்த்தீர்களா, விஞ்ஞானிகளின் லட்சணத்தை!' என்று கிளம்பிவிடுவோம். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்குவது சந்தேகம் ஆகாது, சோம்பல். எதையும் நம்புகிறவர், எதையும் நம்பாதவர் இருவருமே சரிபார்க்கிற சிரமத்தை மிச்சம் பிடிப்பவர்கள். பெட்ராஃப் குழு அங்கேயே நின்றுவிடவில்லை. லாரிமர் துடிப்புக்கு அடுப்பு காரணமாக இருக்க முடியாது என்பதையும் சேர்த்தே காட்டினார்கள். 2017-ல் அவ்வகைத் துடிப்பு ஒன்று, சுமார் 300 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு சின்ன கேலக்ஸியிலிருந்து வருவதாக உறுதியானது. ஆக, அடுப்பும் நிஜம், அண்டமும் நிஜம். பிரித்துக் காட்டியது சந்தேகம்தான்.

அவர்களுக்கு 64 மீட்டர் டெலஸ்கோப் தேவைப்பட்டது. உங்களுக்கு மொட்டைமாடி போதும். ஆகஸ்டு வந்தால் 'செவ்வாய் முழுநிலா அளவு தெரியும்' என்று ஒரு செய்தி வரும். 2003-ல் செவ்வாய் பூமியை நெருங்கியபோது கிளம்பிய புரளி அது. அப்போதே அது ஐந்தரைக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தது. அடுத்த முறை வந்தால் உடனே அனுப்பாதீர்கள். மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சிவப்பாக ஒரு புள்ளி தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

பார்த்தது எதுவோ, அதை மட்டும் அனுப்புங்கள்.