ஆக்கியோன் பெயரும் கேட்போர் உரிமையும்

சிறப்புப் பாயிரத்திற்குரிய எட்டுப் பொருள்களைத் தொகுக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதற்கண் வைக்கிறது. அதே வரிசையில் கேட்போரையும் வைக்கிறது. ஆக்கியவன் இன்றி நூல் இல்லை. கேட்போர் இன்றி அதற்கு வாழ்வில்லை. இவ்விருவரிடையே உரிமைப் பூசல் எழுந்தால் அறம் எப்பக்கம் நிற்கும் என்பது பவணந்தியார் எதிர்கொள்ளாத வினா. திரைப்படம் சாராத அண்மைக்காலத் தமிழிசை அவ்வினாவை எழுப்பியிருக்கிறது.

அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியரும் பாடகருமான அறிவு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018-இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் வழியே அறிமுகமானவர். 2019-இல் அவருடைய 'தெருக்குரல்' என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 2021 மார்ச்சில், பாடகி தீயுடன் அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', சந்தோஷ் நாராயணனின் இசைத் தயாரிப்பில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாடலின் ஊற்று என்பதை அறிவு பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

இப்பாடலைக் கேட்டோர் பலரிடம் எழக்கூடிய முதல் எதிர்வினை, 'இது எங்கள் பாட்டு' என்பதாகும். இதனை வெறும் உணர்ச்சிப் பெருக்கென ஒதுக்கிவிட இயலாது. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கப்பணியைத் தொடங்கியபின், வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தனர். எடுத்த பொன் அவர்களுடையதன்று. குடியிருந்த வீடும் நிறுவனத்துடையது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது எஞ்சியவை வேலையின்மையும் கழிவுமண் மேடுகளுமே. தேயிலைக் கொழுந்துக்கும் பொன்தாதுக்கும் பொருள்வகையில் உறவில்லை எனினும், தான் பண்படுத்திய மண் தனக்கு உரியதாகாமை இரண்டிடத்தும் ஒன்றே. தங்கவயலில் பிறந்த ஒருவர் இப்பாடலை 'எங்களுடையது' என்று கூறுவாரானால், அக்கூற்றுக்கு வரலாறே சான்று.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. 'எல்லாருக்கும் உரிய பாட்டு' என்பது சிறிது நகர்ந்தால் 'எவருடையதும் அன்று' என்றாகிவிடும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்கெனத் தனி மின்னட்டை வெளியிடப்பட்டது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி இப்பாடல் நிகழ்த்தப்பட்டது; அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததாக விளக்கம் தரப்பட்டது. தாமே மெட்டமைத்து எழுதிப் பாடியதாக அறிவு அறிக்கை வெளியிட, மூவரின் கூட்டாக்கம் அது எனச் சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். மெட்டின் உரிமை யாருக்கு எவ்வளவு என்பது இங்கு ஆராயப்படும் பொருளன்று. அப்போது சிலரால் முன்வைக்கத்தக்கதாக இருந்த ஒரு வாதமே ஆய்வுக்குரியது: ஒப்பாரி மக்களின் பொதுச்சொத்து, பொதுச்சொத்திற்கு ஆக்கியோன் பெயர் எதற்கு?

இவ்வாதத்திற்கு விடை சங்கத் தொகைகளிலேயே உண்டு. பாடினோர் பெயர் கிடைக்காத இடத்தில் தொகுத்தோர் பாட்டின் தொடரிலிருந்தே ஒரு பெயரைச் சமைத்தனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு தோன்றியவை. பெயர் தெரியாமை குற்றமன்று. தெரியாதபோதும் ஆக்கியோனுக்குரிய இடத்தை வெறுமையாக விட மனம் ஒப்பாமையே அவர்கள் காட்டிய நெறி. தெரிந்த பெயரைச் சொல்லாது விடுதல் முற்றிலும் வேறானது. இழவு வீடுகளில் பாடிய பெண்களின் பெயர்களை எத்தொகையும் காக்கவில்லை என்பது உண்மையே. அந்த இழப்பு இன்னோர் இழப்பை நியாயப்படுத்தாது.

உரிமை கொண்டாடுதலும் பெயர் காத்தலும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதற்குத் தங்கவயலே எடுத்துக்காட்டு. 1914-இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனைகளை அங்கிருந்த தமிழ்ப் பௌத்தர்கள் தங்கள் வாழ்வுநெறியாகவே ஏற்றனர். சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. கருத்தை முழுதும் தமதாக்கிக்கொண்டவர்கள் பண்டிதரின் பெயரை உதிர்த்துவிடவில்லை. கல்விக்கூடங்கள் அவரை நெடுங்காலம் மறந்திருந்தபோதும் உதிர்க்கவில்லை.

2024-இல் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' இசைத்தொகுப்பு வெளிவந்தது. புதிய தொகுப்பைப் பழைய வெற்றியின் நிழலில் நிறுத்தி, 'அதுபோல் இல்லை' என்பது கேட்போர்க்கு எளிது. அது ஒருவகை அநீதி. இன்னொரு வகை நல்லெண்ணத்தின் உடையில் வருகிறது: கொள்கைக்காகப் பாராட்டிவிட்டுப் பாட்டைக் கேளாமலே விடுதல். இங்குக் கலைஞன் பதாகையாகிறான். அவன் தாளத்தில் செய்த புதுமையும் சொல்லில் கொண்ட ஐயமும் யார் காதிலும் விழுவதில்லை. நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமை கூறிய நெய்யரி, நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்ளும். பூசலை மட்டும் நினைவில் வைத்துப் பாட்டை நழுவவிடுவோர்க்கும் அது பொருந்தும். கேட்டபின் காரணம் கூறி மறுப்பவர் ஆக்கியோனுக்குச் செய்யும் மரியாதை, கேளாது புகழ்பவர் செய்வதினும் பெரிது.

தொகுப்பின் தலைப்பும் நோக்கத்தக்கது. பேரன் என்னும் ஏட்டு வடிவத்தை விடுத்துப் பேராண்டி என்னும் வாய்மொழி வடிவம் அதில் கையாளப்பட்டுள்ளது. அது பாட்டி அழைக்கும் பெயர். அவள் சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு உரிய பெயர். ஆக்கியோன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இங்கு நிற்பது ஒரு கேட்போனின் பெயரே.