வண்டி செய்தவரும் வண்டியை மறுத்தவர்களும்

டெட்ராய்ட் நகரின் பாக்லி அவென்யூவில், வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், நண்பர்கள் துணையோடு ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரைச் செய்து முடித்தது 1896 ஜூன் 4 அதிகாலையில். நான்கு சைக்கிள் சக்கரங்கள், இரண்டு சிலிண்டர் எஞ்சின். ரிவர்ஸ் கியர் கிடையாது. கொட்டகை வாசலில் வண்டி நுழையவில்லை. கோடாரியால் செங்கல் சுவரை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்.

1913-ல் அவருடைய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. ஒரு காரைப் பொருத்தி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. விலை இறங்கியது, விவசாயி வீட்டு வாசலிலும் கார் நின்றது. அது பெரும் நன்மை. ஆனால், நாள் முழுதும் ஒரே நட்டை முடுக்கிய தொழிலாளிக்கு, ஒரு வண்டியை முழுமையாகச் செய்யும் நிறைவு கிட்டவில்லை.

கருவி தருவதையும் பறிப்பதையும் எப்படி எடைபோடுவது?

பென்சில்வேனியாவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இதை வழிபாட்டு வாழ்வின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். தேவைப்பட்டால் பிறர் ஓட்டும் காரில் ஏறுவார்கள். சொந்தமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். சொந்தக் கார் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் சிதறடிக்கும் என்பது அவர்கள் கவலை. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன் சபை கூடித் தங்கள் ஒழுங்குமுறையை மீண்டும் உறுதிசெய்கிறது. பல இடங்களில் தொலைபேசியும் வீட்டுக்கு வெளியே, தனிச் சிறு அறையில்தான் இருக்கிறது.

விலையும் மைலேஜும் விசாரித்து வாங்கும் நம் வீடுகளும் இதைக் கூடிப் பேசலாம்: இந்தப் புதுப் பொருள் வந்தபின் நாம் சேர்ந்து உண்ணும் நேரம் கூடுமா, குறையுமா?