எது பழைய ஜீப்?

ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்பின் பானெட்டைத் தூக்கினால், வேறு வண்டியின் டீசல் இன்ஜினும் வெல்டிங் மேல் வெல்டிங் விழுந்த தகடும் கண்ணில் படலாம். இது பழைய வண்டிதானா? 2021-ல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் இல்லை என்கிறது. 50 வயது கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாதிருந்தால்தான் 'வின்டேஜ்'. அதை வாடகைக்கு ஓட்டவும் கூடாது. உழைக்காமல் இருப்பதே பழமைக்குத் தகுதி என்றாகிறது!

கோயில் வைத்திருக்கும் கணக்கு வேறு. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து மூர்த்தியின் சக்தியை இடம் மாற்றுவார்கள். சுதை உதிர்ந்து, வர்ணம் மாறி, கொடிமரமே புதிதானாலும் குடமுழுக்குக்குப் பின் அது அதே கோயில்தான். நடுவே வழிபாடு அறுபடவில்லை. அங்கே ஆவாகனம் உண்டு, இரும்புக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மந்திரத்தின் துணையில்லாமலே பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கினார்: சக்கரமும் தேரல்ல, அச்சும் தேரல்ல, சேர்ந்து நிற்பதற்கு இட்ட பெயரே தேர். அப்படியானால் அச்சு அசலாக இன்னொரு ஜீப் செய்தால்? அதன் பாகம் எதுவும் பழைய வண்டியின் பழுதுக்காக வந்ததல்ல; தொடர்ச்சி அங்கே இல்லை. கண்ணாடிக் கூடத்து வின்டேஜ் வண்டியில் இரும்பு பழையது, தோட்டத்து ஜீப்பில் வாழ்க்கை பழையது. முன்னதற்குச் சான்றிதழ் உண்டு. பின்னதற்கு அடுத்த எஃப்.சி. வரைதான் உயிர்.